அப்பா யாரோடு பேசுகிறார்?

அன்புள்ள ஐயா,

அம்மா இறந்து எட்டு மாதம் ஆகிறது. அப்பா இரவில் தனியாக உட்கார்ந்து அம்மாவோடு பேசுகிறார். "இப்பதான் இந்தப் பக்கம் போனா" என்று ஒருநாள் என்னிடமே சொன்னார். கவுன்சலிங் போகலாம் என்றால், "எனக்கென்ன பைத்தியமா?" என்கிறார். துக்கத்துக்கு ஐந்து கட்டங்கள் என்று படித்தேன். அவர் முதல் கட்டமான மறுப்பிலேயே நின்றுவிட்டாரா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் அந்த ஐந்து கட்டங்களைத் தள்ளி வையுங்கள். எலிசபெத் கூப்ளர் ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969-இல் அதை எழுதியது, சாவை எதிர்நோக்கி இருந்த நோயாளிகளோடு பேசிப் பார்த்து. துணையை இழந்தவர்கள் எல்லாரும் அதே படிகளில் வரிசையாக ஏறுவதில்லை.

அப்பா பேசுவதற்கு வருவோம். டெவி ரீஸ் என்ற மருத்துவர் வேல்ஸில் கணவனையோ மனைவியையோ இழந்த 293 பேரைச் சந்தித்தார். ஆய்வு 1971-இல் வெளியானது. ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இந்த அனுபவம் இருந்தது. பக்கத்தில் இருப்பதாக உணர்ந்தவர்கள், கண்ணால் பார்த்தவர்கள், குரல் கேட்டவர்கள், பேசியவர்கள். பெரும்பாலோருக்கு அது ஆறுதலாகவே இருந்திருக்கிறது. ஆனால் அவர்களில் பலர் அதை யாரிடமும் சொல்லவில்லை. உங்கள் அப்பா சொல்லிவிட்டார், பாருங்கள்!

அப்படியானால் கவுன்சலிங் எதற்கு? அம்மாவை மறக்கடிப்பதற்கு இல்லை. மகளிடம் சொல்ல முடியாதவை ஒரு கணவனிடம் இருக்கும். 'ஒரு வாரம் முன்னாடியே டாக்டரிடம் கூட்டிப்போயிருக்கலாமோ' என்ற குற்ற உணர்வு, அவள்மேல் தீராமல் இருக்கும் கோபம், சிகிச்சையெல்லாம் முடிந்ததே என்று ஒரு கணம் வந்துபோன நிம்மதி, அதற்காக வந்த வெட்கம். நீங்களும் அம்மாவை இழந்தவர். உங்கள் முன் அழக்கூடாது என்று அவர் அடக்குவார், அவர் முன் அழக்கூடாது என்று நீங்கள் அடக்குவீர்கள். வீட்டில் இரண்டு பேரும் 'நல்லா இருக்கேன்' என்பார்கள். அதனால்தான் அழுதால் பதறாத ஓர் அந்நியர் தேவைப்படுகிறார்.

நல்ல ஆலோசகர் அழுகையோடு நிறுத்த மாட்டார். அம்மா பார்த்துக்கொண்ட வேலைகள் என்னென்ன, இப்போது யார் செய்கிறார்கள் என்றும் கேட்பார். துக்கம், அன்றாடம் இரண்டுக்கும் நடுவே மனம் ஊசலாடுவதுதான் இயல்பு என்று 1999-இல் ஸ்ட்ரோபே, ஷூட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எழுதினார்கள். நேற்று சிரித்தார், இன்று ஒடுங்கிவிட்டார் என்றால் அது பின்னடைவு அல்ல.

'உங்களுக்கு கவுன்சலிங்' என்று சொல்லாதீர்கள். "எனக்குப் பேசணும், துணைக்கு வாங்கப்பா" என்று கூப்பிடுங்கள். பொய்யும் இல்லையே. அதற்கும் மசியவில்லையா? தன்னைப் போலவே மனைவியை இழந்த ஒருவரோடு பழக விடுங்கள். ஆண்களுக்குச் சில சமயம் அதுதான் எளிது.

எட்டு மாதத்தை எண்ணிப் பயப்பட வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் நீடித்த துக்கத்தைக் கோளாறாகக் கருத ஆறு மாதமாவது ஆகவேண்டும் என்கிறது, அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு பன்னிரண்டு மாதம் என்கிறது. மாதக் கணக்கைவிட, சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா, தன் மாத்திரைகளைப் போடுகிறாரா என்று பாருங்கள். "நானும் அவகிட்டயே போயிடறேன்" என்கிற மாதிரி ஏதாவது சொன்னால் மட்டும், கவுன்சலிங்குக்கு நாள் பார்க்காமல் அன்றைக்கே மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள், தனியாக விடாதீர்கள்.

அப்புறம், நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுதவே இல்லையே.