சொந்தக் கொல்லையில் வைத்த தீ காட்டுக்குள் போனால் என்ன வழக்கு வரும்?

கிருஷ்ணகிரி மாவட்டம் அஞ்செட்டிப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி கேட்கிறார்: "காப்புக்காட்டை ஒட்டி எனக்கு இரண்டு ஏக்கர் பட்டா நிலம். மாசி, பங்குனியில் வேலி ஓரத்து உண்ணிச்செடியையும் சருகையும் கொளுத்துவது வழக்கம். போன வருஷம் தீ எல்லை தாண்டி, காட்டுப்புல் கொஞ்சம் கருகிவிட்டது. ஃபாரஸ்ட் கார்டு (வனக்காப்பாளர்) எச்சரித்துவிட்டுப் போனார். என் நிலத்தில் நான் வைத்த தீக்கு என்னை ஜெயிலில் போட முடியுமா? வேண்டுமென்று செய்யவில்லையே?"

முடியும். நிலம் உங்களுடையது என்பதற்குத்தான் பட்டா சாட்சி. அங்கிருந்து கிளம்பிய தீ செய்த சேதத்துக்கு அது பதிலாகாது.

'வேண்டுமென்று செய்யவில்லை' என்பதையே நிறையப் பேர் நம்பியிருக்கிறார்கள். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 326(எஃப்) பிரிவு, தீ வைத்துச் சொத்துக்குச் சேதம் விளைவித்தால் 7 ஆண்டு வரை சிறையும் அபராதமும் என்கிறது. கெட்ட எண்ணம் இருந்தால்தான் இது பொருந்தும் என்றில்லை. சேதம் வரக்கூடும் என்று தெரிந்தே வைத்திருந்தாலும் போதும். உங்கள் விஷயத்தில் எனக்குக் கவலை இங்கேதான். ஒருமுறை தீ தாண்டிவிட்டது, கார்டும் சொல்லிவிட்டார். இந்த வருஷமும் தாண்டினால், 'எனக்கெப்படித் தெரியும்' என்று நீதிமன்றத்தில் சொல்வது ரொம்பக் கஷ்டம்.

சரி, வெறும் கவனக்குறைவுதான் என்று முடிவானால்? தீயை அஜாக்கிரதையாகக் கையாண்டு மனித உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் அதே சட்டத்தின் 287-ஆவது பிரிவில் 6 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அணைக்கப் போன வேட்டைத் தடுப்புக் காவலரோ ஊர்க்காரரோ இறந்துபோனால் 106-ஆவது பிரிவு. 5 ஆண்டு வரை சிறை. தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச்சில் எத்தனை பேரைக் காட்டுத்தீ கொண்டுபோனது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

இதற்கு மேல் வனச் சட்டங்கள். காப்புக்காட்டுக்கு ஆபத்து வரும்படி தீ மூட்டுவதும், மூட்டியதை எரியவிட்டுப் போவதும் 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். தருமபுரி, கிருஷ்ணகிரிக் காடுகளில் பெரும்பரப்பு இப்போது காவிரி வடக்கு, காவிரி தெற்கு சரணாலயங்களில் இருக்கிறது. உங்களை ஒட்டிய காடும் அதில் சேர்ந்ததா என்று வனச்சரக அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். சேர்ந்ததென்றால் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 30-ஆவது பிரிவும் பாயும். 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சரணாலயத்துக்குள் குடியிருப்பவர் தனக்குத் தெரியவரும் தீயை அணைக்கவும் கடமைப்பட்டவர்.

இனி என்ன செய்யலாம்? பிப்ரவரியிலிருந்து கோடைமழை நன்றாக இறங்கும்வரை கொளுத்தவே வேண்டாம். உண்ணிச்செடி எரிந்தாலும் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். மழைக்குப் பின் மண் இளகியிருக்கும்போது வேரோடு பிடுங்குவதுதான் வழி. சருகை எருக்குழியில் தள்ளுங்கள். கொளுத்தியே ஆக வேண்டுமென்றால் வனவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். காட்டுப் பக்கம் வெறும் மண் தெரியும்வரை செதுக்கிவிட்டு, காற்றில்லாத காலையில், தெளிப்பானில் தண்ணீரோடு பக்கத்திலேயே நில்லுங்கள். அணைந்த மாதிரி கிடக்கும் சாம்பலுக்கு அடியில் வேர்க்கட்டை புகைந்துகொண்டே இருக்கும். மதியக் காற்று அடித்ததும் அதுதான் கிளம்பும். கிளறித் தண்ணீர் ஊற்றி, புறங்கையைக் கிட்டே கொண்டுபோய்ச் சூடில்லை என்று தெரிந்த பிறகே வீட்டுக்குப் போங்கள்.

மீறித் தாண்டிவிட்டால் ஓடி ஒளியாதீர்கள். 101 அல்லது 112-க்குக் கூப்பிடுங்கள், வனச்சரகருக்கும் சொல்லுங்கள். அதனால் குற்றம் இல்லாமல் போய்விடாது. ஆனால் உங்கள் மனநிலையை நீதிமன்றம் எடைபோடும்போது, உடனே சொல்லி அணைக்க முயன்றதற்கு மதிப்பு உண்டு.

விசாரணைக்குக் கூப்பிட்டால் படித்துப் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். போலீஸிடம் சொல்லும் ஒப்புதல் வாக்குமூலத்தை உங்களுக்கு எதிரான சாட்சியாக்க முடியாது என்று சட்டம் தரும் பாதுகாப்பு, வன அலுவலரிடம் எழுதிக் கொடுப்பதற்கு அப்படியே கிடைக்காது. அபராதம் கட்டச் சொன்னால் எந்தப் பிரிவில் என்று கேட்டு, ரசீது வாங்குங்கள். வக்கீலுக்குக் காசில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கேட்கலாம். தொலைபேசி எண் 15100.