காரின் டோர் பேட் போன்ற உள்பக்க பிளாஸ்டிக் பாகங்களை வீட்டிலேயே மாற்ற முடியுமா?

கதவின் உள்பக்கத்தை மூடியிருக்கும் டோர் பேட் வரைக்கும் தாராளமாக மாற்றலாம். எங்கள் பழைய காரின் இடது முன்கதவு பேடை நான்தான் மாற்றினேன். வருடக்கணக்கில் மொட்டை வெயிலில் நின்று, கைப்பிடிக்கு மேலே நீளமாக வெடித்திருந்தது. சென்னை புதுப்பேட்டையின் பழைய கார் பாகக் கடைகளில் அலைந்து அதே நிறத்தில் ஒன்று பிடித்தேன். போகும்போது உங்கள் பேடைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். ஒரே மாடலிலேயே பவர் விண்டோ உள்ளதற்கும் இல்லாததற்கும் ஓட்டைகள் மாறும்.

முதலில் பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டு ஸ்க்ரூவைத் தேடுங்கள். பெரும்பாலும் கைப்பிடிக் குழியின் அடியில் ஒன்று, கதவு திறக்கும் லீவருக்குப் பின்னால் சின்ன மூடிக்குள் ஒன்று ஒளிந்திருக்கும். அது தெரியாமல் இழுத்தால் பேட் உடைந்துதான் வரும். அப்புறம் கீழ் ஓரத்திலிருந்து நெம்ப வேண்டும். இரும்பு ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் பெயின்ட் போய்விடும். இதற்கென்றே பிளாஸ்டிக் பட்டைகள் விற்கிறார்கள். கிளிப்புக்குப் பக்கத்திலேயே கொடுத்து நெம்பினால் 'டப்'பென்று விடும். பழைய கிளிப்புகள் சில கட்டாயம் உடையும். சென்னையில் கார் சாமான் கடைகள் நிறைந்த ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கம் போனால் உங்கள் மாடலுக்கான கிளிப் பத்துப் பன்னிரண்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பேடை மேல்நோக்கித் தூக்கினால் கையோடு வரும், ஆனால் சட்டென்று இழுக்காதீர்கள். பின்னால் சுவிட்ச் ஒயரும் லீவர் கேபிளும் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும். ஒயரை இழுக்காமல், ஒயர்கள் இணையும் கப்ளரின் பூட்டை அழுத்திக் கழற்றுங்கள்.

நான் சொதப்பியது இதற்கு அடுத்த இடத்தில். கதவுத் தகட்டின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் ஷீட் ஒன்று கறுப்புப் பிசினால் ஒட்டியிருந்தது. ஓரம் கிழிந்து அழுக்காக இருக்கவே, ஏதோ பேக்கிங் ஷீட் என்று பிய்த்துப் போட்டுவிட்டேன். ஐப்பசி மழை ஆரம்பித்ததும் முன்சீட்டு மேட் ஊறிப்போய், ஏசி போட்டால் ஈரச் சாக்கு நாற்றம். "நீங்க கதவைப் பிரிச்ச நாள்லேர்ந்துதாங்க இப்படி" என்றாள் மனைவி. சரியாகத்தான் சொன்னாள். கண்ணாடி ஓரமாக மழைத்தண்ணீர் கதவுக்குள் இறங்குவது எல்லா காரிலும் உண்டு. கதவின் அடியில் உள்ள ஓட்டைகள் வழியாக அது வெளியே போய்விடும். வழியில் நம் பக்கம் கசியாமல் தடுப்பது அந்த ஷீட்தான். மறுபடி பேடைக் கழற்றி, கனமான பாலிதீனை அளவாக வெட்டி பியூட்டில் டேப்பால் (தண்ணீர் புகாத ரப்பர் பிசின் பட்டை) சுற்றிலும் ஒட்டினேன். அடுத்த மழைக்கு மேட் காய்ந்தே இருந்தது.

கர்ட்டன் ஏர்பேக் (விபத்தில் பக்கக் கண்ணாடியை மறைத்து விரியும் காற்றுப்பை) உள்ள காரில் கண்ணாடிக்குப் பக்கத்துத் தூண் பிளாஸ்டிக்கையும், எந்தக் காரிலும் ஸ்டீயரிங் ஏர்பேக்கையும் வீட்டில் தொடாதீர்கள். கூரைத் துணி தொங்கினால் அதற்குள் இருக்கும் ஃபோம் உதிர்ந்துவிட்டது என்று அர்த்தம். பசை தடவி ஒட்டிப் பார்த்தேன், ஒரே கோடையில் மறுபடி தலையில் இடித்தது. கடைசியில் சீட் கவர் தைப்பவரிடம்தான் கொடுத்தேன்.