தண்டர்பேர்டில் ஜிமெயிலைச் சேர்த்தால் மெயில்கள் என் கணினியிலும் இருக்கின்றனவா? இணையத்தில் அழித்தால் கணினியில் மிஞ்சுமா?

முதல் கேள்விக்குப் பதில்: பெரும்பாலும் ஆமாம், கணினியிலும் இருக்கின்றன. இரண்டாவதற்குப் பதில்: மிஞ்சாது. இங்கே ஏற்கனவே பதில் எழுதிய சிலர் முதல் பாதியை மட்டும் சொல்லிவிட்டுப் போயிருப்பதால்தான் நான் எழுத உட்கார்ந்தேன்.

கேள்வியைப் பார்த்தால் ஜிமெயிலில் உங்களுக்குக் கிடைத்த 15 ஜிபி இடம் நிரம்பிவிட்டது, "எல்லாம்தான் கணினியில் இறங்கிவிட்டதே, இணையத்தில் பழையதை அழித்து இடம் பண்ணிக்கொள்ளலாமா" என்ற யோசனையில் இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் இதைப் படித்து முடிக்கும்வரை ஒரு மெயிலையும் அழிக்காதீர்கள்.

தண்டர்பேர்ட், அவுட்லுக், ஆப்பிள் மெயில் என்று கணினியில் மெயில் படிக்கும் நிரல் எதுவானாலும் இன்று ஜிமெயில் போன்ற கணக்கைச் சேர்த்தால் பெரும்பாலும் ஐமேப் முறையில்தான் இணையும். 1986 வாக்கில் ஸ்டான்ஃபோர்டில் மார்க் கிரிஸ்பின் வடிவமைத்த முறை இது. இதன் அடிப்படை ஒன்றுதான்: உண்மையான அஞ்சல் பெட்டி சர்வரில், அதாவது மெயில் சேவை தருபவரின் கணினியில், இருக்கிறது, உங்கள் கணினியில் இருப்பது அதன் பிரதி. சர்வரில் ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் ஒவ்வொரு மெயிலுக்கும் ஒரு எண் உண்டு. யுஐடி என்பார்கள். அது ஏறிக்கொண்டே போகும், ஒருமுறை கொடுத்த எண்ணை அதே ஃபோல்டரில் இன்னொரு மெயிலுக்குக் கொடுக்க மாட்டார்கள். கணினியில் உள்ள நிரல் ஒவ்வொரு முறை இணையும்போதும் "என்னிடம் இன்ன எண்வரை இருக்கிறது, அதற்கு மேல் என்ன வந்திருக்கிறது?" என்று கேட்டு, புதியதை இறக்கிக்கொள்ளும். அப்புறம் பழையவற்றின் நிலையைச் சரிபார்க்கும். படித்ததா, நட்சத்திரம் போட்டதா, இன்னும் இருக்கிறதா என்று. சர்வர் தரும் பட்டியலில் ஒரு எண் இல்லையென்றால் அது உங்கள் கணினியிலிருந்தும் எடுக்கப்படும். யார் அழித்தார்கள், ஏன் அழித்தார்கள் என்று நிரல் கேட்காது. நீங்கள் போனில் அழித்தாலும் சரி, உங்கள் கடவுச்சொல் தெரிந்த வேறு யாரோ அழித்தாலும் சரி, சர்வரை நடத்துபவர்களே அழித்தாலும் சரி, எல்லாம் அதற்கு ஒன்றுதான்.

இன்னொன்றும் உண்டு. ஃபோல்டர் முழுவதற்கும் யுஐடி வேலிடிட்டி என்று ஒரு எண் இருக்கிறது. சர்வரை மாற்றும்போதோ பெட்டியை மீட்டெடுக்கும்போதோ அது மாறிவிட்டால், பழைய எண்கள் எல்லாம் செல்லாதவை. நிரல் தன்னிடம் இருப்பதை நம்பாமல் முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி இறக்கும். "திடீரென்று எல்லா மெயிலும் திரும்ப இறங்குகிறது, வைரஸா?" என்று கேட்பவர்கள் பலருக்கு நடந்திருப்பது இதுதான்.

இது என் சொந்தக் கதையோடு சம்பந்தப்பட்ட விஷயம், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

என் அக்கா மொழிபெயர்ப்பாளர். எழுத்தாளர்களோடும் பதிப்பகங்களோடும் அவள் பேசியது, ஒப்பந்தங்கள், திருத்தம் போட்டு வந்த பிரதிகள் எல்லாம் மெயிலில்தான். தன் பெயரில் ஒரு டொமைன், அதாவது சொந்த இணைய முகவரி, வாங்கியபோது அதோடு சேர்த்துக் கொடுத்த அஞ்சல் கணக்கு அது. நடத்துவது ஒரு சிறிய நிறுவனம். கணினியில் தண்டர்பேர்ட், ஐமேப் இணைப்பு. பல வருடமாக ஒரு சிக்கலும் இல்லை.

ஒரு நாள் காலையில் போன் வந்தது. "மெயிலெல்லாம் என் கண் முன்னாடியே குறைஞ்சுக்கிட்டே வருதுடா" என்றாள். வேறு எதையும் விசாரிக்காமல், "நெட்டை ஆஃப் பண்ணுக்கா. வேற எதையும் தொடாதே" என்றேன். அந்த ஒரு வாக்கியத்தைச் சரியான நேரத்தில் சொன்னதில் எனக்கு இன்றும் பெருமை உண்டு. நெட் இல்லாததால் தூரத்திலிருந்து திரையைப் பார்க்க வழியில்லை, நேரில்தான் போனேன்.

நடந்தது பிற்பாடு தெரிந்தது. அந்த நிறுவனம் இடம் மிச்சம் பிடிக்க, குறிப்பிட்ட காலத்துக்கு முந்தைய மெயில்களைச் சர்வரிலிருந்து தானாக நீக்கும் விதியைக் கொண்டுவந்திருக்கிறது. அறிவிப்பை அனுப்பியது டொமைன் பதிவு செய்தபோது கொடுத்த, அக்கா எப்போதோ கைவிட்ட முகவரிக்கு. சர்வரில் எண்கள் மறைந்தன, தண்டர்பேர்ட் அதைப் பார்த்துத் தன் பட்டியலிலிருந்தும் மெயில்களை எடுத்துக்கொண்டே வந்தது.

திரையில் இன்பாக்ஸ் கிட்டத்தட்டக் காலி. ஆனால் நான் திரையை நம்பவில்லை, தண்டர்பேர்ட் தன் மெயில்களையும் அமைப்புகளையும் வைக்கும் ப்ரொஃபைல் ஃபோல்டரைத் திறந்தேன். அதற்குள் ஐமேப் கணக்குகளுக்கு 'ஐமேப்மெயில்' என்று ஒரு ஃபோல்டர், அதில் அந்தச் சர்வரின் பெயரில் இன்னொன்று. உள்ளே 'இன்பாக்ஸ்' என்று நீட்டிப்பெயரே இல்லாமல் ஒரு கோப்பு, பக்கத்திலேயே அதே பெயரில் எம்எஸ்எஃப் என்று முடியும் இன்னொரு சிறிய கோப்பு. சிறியது வெறும் அட்டவணை. பெரியதுதான் எம்பாக்ஸ். எல்லா மெயில்களும் ஒன்றன்பின் ஒன்றாக, அட்டாச்மென்ட் உட்பட, வெறும் எழுத்தாக அடுக்கப்பட்டிருக்கும் ஒரே கோப்பு. அதன் அளவு 3 ஜிபிக்கு மேல் காட்டியது. பட்டியல் காலியாக இருக்கும்போது கோப்பு ஏன் இத்தனை பெரிதாக இருக்கிறது? அதில்தான் விஷயமே இருக்கிறது. தண்டர்பேர்ட் எம்பாக்ஸிலிருந்து ஒரு மெயிலை 'அழிக்கும்போது' அதை உடனே வெட்டி எடுப்பதில்லை. அழிந்தது என்று ஓர் அடையாளம் மட்டும் போட்டு வைக்கும். 'ஃபோல்டரைச் சுருக்கு' என்ற வேலை நடக்கும்போதுதான் உண்மையில் போகும். அன்று காலை "சுருக்கவா?" என்று கேட்டு ஒரு பெட்டி வந்ததாம். அவசரத்தில் அக்கா அதை மூடிவிட்டிருந்தாள். சரி என்று அமுக்கியிருந்தால் இந்தப் பதிலே வேறு மாதிரி இருந்திருக்கும்.

முதல் வேலையாக ப்ரொஃபைல் ஃபோல்டர் மொத்தத்தையும் வெளி வட்டில் நகலெடுத்தேன். மூலத்தைத் தொடவே இல்லை. பெரிய கோப்புகளைத் திறக்கக்கூடிய ஒரு உரைத் திருத்தியில் நகலைத் திறந்தால், ஒவ்வொரு மெயிலின் தலையிலும் எக்ஸ்-மொசில்லா-ஸ்டேட்டஸ் என்று ஒரு வரி, அதன் எதிரே 0009. இதில் 1 என்றால் படித்தது, 8 என்றால் நீக்கப்பட்டது, இரண்டும் சேர்ந்து 9. 0009 எல்லாவற்றையும் 0001 ஆக்கினேன், படிக்காதவற்றின் 0008ஐ 0000 ஆக்கினேன். அந்தக் கோப்புக்கு வேறு பெயர் கொடுத்து, சர்வரோடு சேராத 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' இருக்கும் இடத்தில், அட்டவணைக் கோப்பு இல்லாமல் போட்டேன். நெட் இன்னும் அணைந்தே இருந்தது. தண்டர்பேர்டைத் திறந்து புதிய ஃபோல்டரைச் சொடுக்கியதும் அது எம்பாக்ஸை முதலிலிருந்து வாசித்து அட்டவணையைக் கட்ட ஆரம்பித்தது. மெயில்கள் வரிசையாக வந்து விழுந்தன. அக்கா முதலில் தேடியது அவளுடைய முதல் ஒப்பந்தத்தை. பிடிஎஃப் திறந்தது. எனக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்!

எல்லாமே கிடைத்தது என்று சொல்ல மாட்டேன். ஒரு பழைய வேலைக்கான ஃபோல்டரில் 'ஆஃப்லைனில் வை' என்ற தேர்வு நீக்கப்பட்டிருந்தது. அதில் தலைப்பும் அனுப்பியவர் பெயரும் மட்டுமே இறங்கியிருந்தன, உள்ளே இருந்த எழுத்து கணினிக்கு வரவே இல்லை. சொடுக்கும்போது சர்வரிலிருந்து எடுத்துக் காட்டியதை இத்தனை காலம் 'இருக்கிறது' என்று நினைத்திருந்தோம். நீங்களும் நெட்டை அணைத்துவிட்டு நான்கைந்து பழைய மெயில்களைத் திறந்து பாருங்கள். திறக்கவில்லையென்றால் அவை உங்களிடம் இல்லை.

"இப்படியெல்லாம் மீட்கலாமே, பிறகு ஏன் பயமுறுத்துகிறீர்கள்?" என்று யாராவது கேட்கலாம். இது அன்று, அந்தப் பதிப்பில், சுருக்கப்படாத ஒரு கோப்பில் நடந்தது. எல்லாருக்கும் நடக்கும் என்று நான் சொல்லவில்லை. தண்டர்பேர்டிலேயே ஒவ்வொரு மெயிலையும் தனிக் கோப்பாக வைக்கும் மெயில்டிர் முறையைத் தேர்ந்தெடுத்திருந்தால் இந்த வழி கிடையாது. ஆப்பிள் மெயிலும் ஒரு மெயிலுக்கு ஒரு கோப்பு என்றுதான் வைக்கும், இஎம்எல்எக்ஸ் என்று முடியும். கிளாசிக் அவுட்லுக்கில், 2013 பதிப்பு முதல், ஐமேப் கணக்கு ஓஎஸ்டி கோப்பில் இருக்கும். அது அந்தக் கணக்குக்கும் அந்த ப்ரொஃபைலுக்கும் கட்டுப்பட்டது, எடுத்துப்போய் வேறு கணினியில் திறக்க முடியாது. மெயிலைக் கணினிக்கு இறக்கிக் கொடுப்பதோடு நின்றுவிடும் பாப்3 முறையில் சேர்த்த கணக்கின் பிஎஸ்டி கோப்பை மட்டும்தான் அப்படித் திறக்கலாம்.

பாப்3 என்றதும் "அது பழசு" என்று அடிக்க வருவார்கள். பழசுதான். இன்பாக்ஸைத் தவிர வேறு ஃபோல்டர் அதற்குத் தெரியாது, படித்ததா இல்லையா என்பது மற்ற சாதனங்களுக்குப் போகாது. ஆனால் அது இறக்கிக் கொடுத்த மெயில் உங்களுடையது, சர்வரில் அழிந்தாலும் இங்கே அழியாது. ஒருவருக்கு எது வேண்டும் என்பதைப் பொறுத்தது. ஐமேப்பை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவே இல்லை, நானும் அதைத்தான் பயன்படுத்துகிறேன்.

இடம் போதவில்லை என்பதைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். அட்டாச்மென்ட்கள் மெயிலில் பேஸ்64 முறையில்தான் போகும், மூன்று பைட் நான்கு எழுத்தாக மாறும், ஆக 15 எம்பி படம் 20 எம்பி ஆகிறது. இது தவிர்க்க முடியாதது, புரிகிறது. ஆனால் ஒவ்வொரு மெயிலின் அடியிலும் நிறுவனச் சின்னம், விருது வாங்கிய படம், "இதை அச்சிடுமுன் மரங்களை நினையுங்கள்" என்ற பச்சை இலை என்று ஒட்டி அனுப்புகிறார்களே, அதை என்ன சொல்வது? "சரி, நன்றி" என்ற இரண்டு சொல் பதிலுக்குப் பின்னால் அத்தனை படமும் வருகிறது. அதற்குப் பதில் போட்டால் அதுவும் சேர்ந்து திரும்பப் போகிறது. அக்காவின் எம்பாக்ஸைத் திருத்தியில் உருட்டிக்கொண்டே போனபோது பக்கம் பக்கமாக ஒரே சின்னத்தின் அர்த்தமில்லாத எழுத்துக் குவியல் திரும்பத் திரும்ப வந்தது. மனிதர்கள் எழுதியதைத் தேடுவதே பெரும்பாடாக இருந்தது. பெறுபவரின் இடத்தைப் பற்றி அனுப்புபவர்கள் கவலைப்படுவதே இல்லை. இது உங்கள் கேள்விக்கு வெளியே என்று தெரியும், ஆனாலும் மனம் ஆறவில்லை.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. தண்டர்பேர்டில் 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' கீழ் ஆண்டுவாரியாக ஃபோல்டர் உருவாக்குங்கள். அது எந்தச் சர்வரோடும் ஒத்திசையாது, அங்கே போவது அங்கேயே இருக்கும். பழைய மெயில்களை அதற்குள் 'நகலெடு' என்று கொடுங்கள், 'நகர்த்து' வேண்டாம். நகர்த்தினால் சர்வரில் உள்ளது போய்விடலாம், இடையில் ஏதாவது தவறினால் திரும்பிப் பார்க்க ஒன்றும் இல்லாமல் போகலாம். ஜிமெயில் ஐமேப் வழியாக ஒரு நாளைக்கு 2500 எம்பி வரைதான் இறக்க விடும், அதைத் தாண்டினால் கணக்கைச் சிறிது நேரம் பூட்டிவிடும். அதனால் பகுதி பகுதியாகச் செய்யுங்கள்.

ஜிமெயிலில் ஃபோல்டர் என்று தண்டர்பேர்ட் காட்டுபவை உண்மையில் லேபிள்கள், மெயிலில் ஒட்டும் பெயர்ச்சீட்டு மாதிரி. ஒரே மெயில் இன்பாக்ஸிலும் இன்னொரு லேபிளிலும் 'ஆல் மெயில்'இலும் தெரியும். எல்லாவற்றையும் நகலெடுத்தால் ஒன்றே மூன்றாக வந்து சேரும், 'ஆல் மெயில்' ஒன்றிலிருந்து எடுத்தாலே போதும். இதே காரணத்தால், ஒரு லேபிளில் அழித்தால் அந்த லேபிள் மட்டும் நீங்கி மெயில் ஆல் மெயிலில் இருந்துகொண்டிருக்கலாம். அழித்தும் பிடித்திருக்கும் இடம் குறையவில்லை என்று பலர் குழம்புவது இதனால்தான்.

நகலெடுத்து முடிந்ததும் நெட்டை அணைத்து, லோக்கல் ஃபோல்டரில் பெரிய அட்டாச்மென்ட் உள்ள சிலவற்றைத் திறந்து பாருங்கள். "அதுவும் அதே வட்டில்தானே இருக்கிறது, வட்டு போனால்?" என்ற கேள்வி நியாயமானது. ப்ரொஃபைல் ஃபோல்டரை, தண்டர்பேர்டை மூடிவிட்டு, வெளி வட்டில் ஒரு நகல் எடுத்துவிடுங்கள். இத்தனை வேலைக்குப் பொறுமை இல்லையென்றால், நம் தரவை மொத்தமாக இறக்கித் தரும் சேவையான கூகுள் டேக்அவுட் உங்கள் ஜிமெயில் முழுவதையும் எம்பாக்ஸ் கோப்பாகவே கொடுக்கும், லேபிள் விவரமும் ஒவ்வொரு மெயிலின் தலையிலும் எழுதப்பட்டிருக்கும்.

அதன் பிறகு இணையத்தில் அழியுங்கள். அழித்தவை 30 நாள் குப்பையில் இருக்கும், அதுவரை அவை பிடித்திருக்கும் இடமும் குறையாது. அவசரப்பட்டுக் குப்பையைக் காலி செய்யாதீர்கள். அந்த நாட்களுக்குள் உங்களுக்கு ஏதாவது பழைய மெயில் தேவைப்பட்டால், அதை லோக்கல் ஃபோல்டரிலேயே தேடி எடுத்துப் பாருங்கள். கிடைக்காவிட்டால் குப்பையிலிருந்து திரும்ப எடுத்துக்கொள்ள இன்னும் நேரம் இருக்கும்.