வாழை நார், தேங்காய் நாரில் பிரேக் பேட் செய்ய முடியுமா?

கேள்வி: இயற்கை நார் கலந்த பிரேக் பேட் சுற்றுச்சூழலுக்கு நல்லது என்கிறார்களே, இதை ஃபைனல் இயர் பிராஜெக்டாக எடுக்கலாமா? நிஜமாகவே வண்டியில் போட முடியுமா?

தாராளமாக எடுக்கலாம். ஆனால் ‘வாழை நார் பிரேக் பேட்’ என்று தலைப்பு வைக்காதீர்கள், வைவாவில் மாட்டிக்கொள்வீர்கள். அந்தப் பேடில் நூற்றுக்கு ஐந்தோ பத்தோ பங்குதான் நார் இருக்கும். மீதியெல்லாம் பீனாலிக் ரெசின் (எல்லாவற்றையும் சேர்த்து ஒட்டும் பிசின்), பேரைட்ஸ், கிராஃபைட், அலுமினா, வெர்மிகுலைட் என்று பத்துப் பதினைந்து சாமான்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் இந்தக் கலவைகளோடு வேலை பார்த்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஒரு பழைய கதை. 1897இல் இங்கிலாந்தில் ஃபெரோடோ நிறுவனத்தைத் தொடங்கிய ஹெர்பர்ட் ஃப்ரூட் வண்டிகளுக்குச் செய்த ஆரம்பகால பிரேக் லைனிங்குகளில் பருத்தியும் உண்டு. சுமார் 150 டிகிரி செல்சியஸ் தாண்டியதும் பருத்தி கருகியது. அதனால்தான் 1908 வாக்கில் ஆஸ்பெஸ்டாஸுக்குப் போனார்கள். அதன் தூசு நுரையீரலைக் கெடுக்கும், புற்றுநோய் தரும் என்று தெரிந்தபின் அராமிட் என்ற செயற்கை இழை வந்தது. ஆக, செடி நார் இந்தத் தொழிலுக்குப் புதிது இல்லை. ஒரு முறை தோற்றுப்போய்த் திரும்பி வந்திருக்கிறது.

தோற்ற காரணம் இன்றும் மாறவில்லை: சூடு. நாரில் இருக்கும் ஹெமிசெல்லுலோஸ் 220 டிகிரியிலேயே சிதையத் தொடங்கும். செல்லுலோஸ் 315இலிருந்து 400க்குள் போய்விடும். அப்போது கிளம்பும் வாயு பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே படலமாக நிற்க, பெடலை எவ்வளவு மிதித்தாலும் பிடிப்பு குறையும். இதைத்தான் ஃபேடு என்கிறோம். அண்ணா சாலை டிராஃபிக்கில் ஊர்ந்துகொண்டிருந்தால் இது தெரியவே தெரியாது. ஆள் ஏற்றிக்கொண்டு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கினால் தெரியும்.

அப்புறம் ஈரம். நம்ம ஊர்க் காற்றில் திறந்து வைத்த நார் தானாகவே தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அதை அப்படியே மோல்டில் போட்டு 150 டிகிரியில் அழுத்தினால் நீராவி கிளம்பி பேட் உப்பும், இல்லை விரிசல் விடும். அதனால்தான் நாரைக் காஸ்டிக் சோடா கரைசலில் (பெரும்பாலும் 5 சதவீதம்) ஊறவைத்து, நன்றாக அலசி, ஓவனில் (சூட்டு அடுப்பில்) உலர்த்துகிறார்கள். மேலிருக்கும் மெழுகும் ஹெமிசெல்லுலோஸில் ஒரு பகுதியும் போய்விடுவதால் நாரின் மேற்பரப்பு சொரசொரப்பாகி ரெசின் நன்றாகப் பிடிக்கும். சூட்டையும் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். கொஞ்சம்தான். நாரைச் சில மில்லிமீட்டர் நீளத்துக்கு நறுக்காமல் மிக்சரில் போட்டால் பந்து பந்தாகச் சுருண்டுவிடும், கலவை முழுக்கச் சமமாகப் பரவாது. பிராஜெக்ட் ரிப்போர்ட்டுகளில் யாரும் எழுதாத தலைவலி இது.

பிரேக்கில் ஜெயித்த செடிப் பொருள் எது என்று கேட்டால் நார் இல்லை, முந்திரி என்பேன். பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைப்பவர்களின் கையை அரிக்கிற அந்த ஓட்டு எண்ணெயைக் கெட்டியாக்கிப் பொடித்தால் கிடைப்பதுதான் ஃப்ரிக்‌ஷன் டஸ்ட். பல பத்தாண்டுகளாகப் பெரும்பாலான ஆர்கானிக் பேடுகளில் (ரெசினில் கட்டிய பேடுகளை அப்படிச் சொல்வார்கள்) அது இருக்கிறது. உராய்வைச் சீராக்கும், கிறீச் சத்தத்தைக் குறைக்கும். இதற்கு ‘பசுமை’ என்று யாரும் விளம்பரம் செய்ததில்லை!

‘பசுமை’ என்ற சொல்லையும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். அராமிடை எடுத்துவிட்டு வாழை நார் போட்டால் விலை குறையலாம், பெட்ரோலியத்தில் பிறக்கும் ஒரு இழை குறையலாம். ஆனால் கலவையில் செம்பும் ஆன்டிமனி சல்ஃபைடும் அப்படியே இருந்தால் சாலையில் விழும் தூசு பழைய தூசுதான். செம்பு மழைநீரோடு ஓடி மீன்களைப் பாதிக்கிறது என்பதால் கலிஃபோர்னியா 2025 முதல் பேடில் அதை 0.5 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தியிருக்கிறது. ஐரோப்பாவின் யூரோ 7 விதி பிரேக் தூசுக்கே வரம்பு வைக்கிறது: பெரும்பாலான கார்களுக்குக் கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராம், முழு மின்சாரக் கார்களுக்கு 3. உங்கள் பிராஜெக்டில் செம்பு இல்லாத கலவையை எடுத்துக்கொண்டு அதில் நாரைச் சேர்த்தால் சொல்வதற்கு ஒரு விஷயம் இருக்கும்.

மின்சார வண்டிகளில் பாதி வேலையை மோட்டாரே பார்த்துக்கொள்வதால் பேட் அவ்வளவு சூடாவதில்லை. நாருக்கு அங்கே நல்ல வாய்ப்பு இருக்கிறது என்பது என் கணிப்பு.

சரி, செய்வதென்றால் இப்படிச் செய்யுங்கள். நாரே இல்லாத ஒரு கலவை, அராமிட் கலவை, 5 சதவீத நார்க் கலவை, 10 சதவீத நார்க் கலவை, நான்கையும் ஒரே நாளில் ஒரே மிக்சரில் போடுங்கள். கடினத்தன்மையும் அடர்த்தியும் மட்டும் அளந்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். ஒரு அங்குலச் சதுரத் துண்டு வெட்டிச் சேஸ் சோதனைக்கு (சுழலும் டிரம்மில் துண்டை அழுத்தி உராய்வை அளப்பது) அனுப்புங்கள். டிரம்மை 345 டிகிரி வரை சூடாக்கி ஃபேடு பார்ப்பார்கள். அந்த வரைபடம் எப்படி இருந்தாலும் ரிப்போர்ட்டில் போடுங்கள். செய்த பேடை நண்பனின் பைக்கில் மாட்டிப் பார்க்கிற ஆசை மட்டும் வேண்டாம்.