காரத்தை நிறுத்தியும் ஐபிஎஸ் (IBS, அடிக்கடி வயிற்றுவலி, உப்புசம், மலப்பிரச்சினை தரும் குடல் கோளாறு) குறையவில்லையே, வேறு எதைத் தவிர்ப்பது?

உங்களுக்கும் கொலோனோஸ்கோபி எல்லாம் நார்மல் என்று வந்திருக்கும், 'டென்ஷனைக் குறைங்க' என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். எனக்கும் அப்படித்தான். காரம் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, உண்மைதான். ஆனால் என் வயிற்றைப் படுத்தியது சின்ன வெங்காயமும் பூண்டும். வாயுவுக்கு நல்லது என்று அம்மா பாலில் வேகவைத்துக் கொடுத்த பூண்டைச் சாப்பிட்ட அன்றைக்கெல்லாம் உப்புசம் தாங்காது.

காரணத்தை ஒரு உணவியல் நிபுணர்தான் விளக்கினார். வெங்காயம், பூண்டு, கோதுமையில் இருக்கும் ஃப்ரக்டான் என்ற மாவுச்சத்து யாருக்குமே சிறுகுடலில் செரிக்காது. பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள பாக்டீரியாவால் நொதித்து வாயுவாகும். நம்மைப் போன்றவர்களின் குடல் அதைத் தாங்காமல் வலிக்கிறது. ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்தில் உருவான 'ஃபாட்மேப்' உணவுமுறை இதை வைத்துத்தான். பால், கொண்டைக்கடலை, பருப்பு வகைகளும் அதில் குறைக்க வேண்டிய பட்டியலில் உண்டு. 2 முதல் 6 வாரம் குறைத்துவிட்டு, அப்புறம் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆயுளுக்கும் பத்தியம் இருக்கச் சொல்லவில்லை.

ஃப்ரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. அதனால் சாம்பாரில் வெங்காயத்தை ஒதுக்கிவிட்டுச் சாப்பிடுவதில் பயனில்லை, குழம்பிலேயே இறங்கியிருக்கும். பூண்டை நல்லெண்ணெயில் வதக்கி எடுத்துவிட்டு, அந்த எண்ணெயில் தாளியுங்கள், வாசனை கிடைக்கும். வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியைத் தாராளமாகப் போடலாம். அரிசிச் சோறு, கேரட், கத்தரிக்காய் எனக்கு ஒத்துக்கொள்கின்றன. நார்ச்சத்துக்குத் தவிடு வேண்டாம், இசப்கோல் நல்லது.

'பூண்டு அமிர்தம், அதைப் போய்க் குறை சொல்றீங்களே' என்று யாராவது வருவார்கள். என் வீட்டில் மற்ற எல்லோரும் பூண்டு சாப்பிடுகிறார்கள், நான் தடுப்பதில்லை. என் வயிற்றுக்கு ஆகாததை மட்டுமே சொல்கிறேன்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ராத்திரி பஸ்ஸில் போகும்போது வண்டியை நிறுத்தச் சொன்னால் நடத்துனர் முறைக்கிறார். நிறுத்தும் மோட்டலில் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, தண்ணீர் கிடையாது, காசு மட்டும் வாங்குகிறார்கள். இந்த நோய் உள்ள ஒரு பெண் எப்படித்தான் ஊருக்குப் போவாள்?

நான் மருத்துவர் இல்லை. மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு இருந்தால் முதலில் டாக்டரைப் பாருங்கள். கோதுமையை நிறுத்துவதற்கு முன்பே சீலியாக் (கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் சிறுகுடல் பாதிக்கப்படும் நோய்) ரத்தப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். நிறுத்திய பிறகு எடுத்தால், நோய் இருந்தாலும் இல்லை என்று காட்டக்கூடும்.