கொம்ப்ரோமியில் ஒப்பமிட்டால் வீட்டை வாங்கியாயிற்று

கேள்வி: பாரிஸ் புறநகரில், 93ஆம் மாவட்டத்தில், 1972இல் கட்டிய தொடர்மாடியில் 64 சதுர மீற்றர் வீடொன்று பார்த்திருக்கிறோம். விலை 240,000 யூரோ. விற்பனை முகவர் நாற்பது பக்கக் ‘கொம்ப்ரோமி து வோன்த்’ ஒன்றை மின்னஞ்சலில் அனுப்பி, மூன்று நாளில் ஒப்பமிடச் சொல்கிறார். “இது முன்னோடி ஒப்பந்தம்தான், உண்மையான உறுதி நொத்தாரிசிடம் பிறகு எழுதப்படும்” என்கிறார். பாதிச் சொற்கள் விளங்கவில்லை. எதை எதைப் பார்க்க வேண்டும்? நாங்கள் இருவரும் இலங்கையில் திருமணம் செய்தவர்கள். இது எங்கள் முதல் வீடு.

பதில்: முகவர் சொன்னதில் பாதிதான் சரி. உறுதி பிறகு எழுதப்படும் என்பது உண்மை. ஆனால் வீடு விற்கப்படுவது கொம்ப்ரோமியில்தான். பிரெஞ்சுக் குடியியல் சட்டத்தின் 1589ஆம் பிரிவு இதை ஒரே வரியில் சொல்கிறது: பொருளிலும் விலையிலும் இரு தரப்பும் ஒத்துப்போனால், விற்பதாகக் கொடுத்த வாக்கே விற்பனைக்குச் சமம். மூன்று மாதம் கழித்து நொத்தாரிசின் மேசையில் நடப்பது, முடிந்துபோன விற்பனையை உறுதியாக எழுதிப் பதியும் வேலை. அங்கே போய், “இந்தத் திருத்தச் செலவு விற்பவருடையது அல்லவா” என்று கேட்டால், நொத்தாரிசு கொம்ப்ரோமியைத் திறந்து அதில் இருப்பதை வாசித்துக் காட்டுவார். ஆகவே கேட்க வேண்டியதையெல்லாம் இப்போதே கேளுங்கள்.

மூன்று நாள் என்பது சட்டம் வைத்த கெடு அல்ல. வரைவை உங்கள் நொத்தாரிசுக்கு அனுப்பி, அவர் வாசித்த பின்னரே ஒப்பமிடுவோம் என்று எழுதுங்கள். விற்பவருக்கு ஒரு நொத்தாரிசு இருந்தாலும் நீங்கள் தனியாக ஒருவரை வைத்துக்கொள்ளலாம். அதனால் செலவு கூடாது. ஒரே கட்டணத்தை இருவரும் பிரித்துக்கொள்வார்கள். பலர் இது தெரியாமல் விற்பவரின் நொத்தாரிசையே நம்பிப் போகிறார்கள்.

முதலில் ஆவணத்தின் தலைப்பைப் பாருங்கள். கொம்ப்ரோமி என்றால் இரு தரப்பும் கட்டுப்பட்டவர்கள். ‘ப்ரொமெஸ் யுனிலத்தெரால்’ என்றிருந்தால் விற்பவர் மட்டுமே கட்டுப்பட்டவர். குறித்த நாளுக்குள் வாங்குவதா விடுவதா என்பது உங்கள் முடிவு. விட்டால், வீட்டை உங்களுக்காக ஒதுக்கி வைத்ததற்கான ஈட்டுத் தொகையை இழப்பீர்கள். பெரும்பாலும் அது விலையில் 5 முதல் 10 வீதம். நொத்தாரிசு இல்லாமல் எழுதப்பட்ட ப்ரொமெஸை 10 நாளுக்குள் வரி அலுவலகத்தில் பதியாவிட்டால் அது செல்லாது.

ஒப்பமிட்ட பின் மனம் மாறினால் ‘ரெத்ராக்தசியோன்’ உரிமை இருக்கிறது: 10 நாள், காரணம் சொல்ல வேண்டியதில்லை, ஒரு சதமும் இழப்பில்லை. இந்த உரிமை வாங்குபவருக்கு மட்டுமே. ஒப்பமிட்ட நாளிலிருந்து எண்ணக் கூடாது. ஒப்பந்தம் பதிவுத் தபாலில் முதல் தடவை உங்கள் வீட்டு வாசலுக்கு வந்த நாளுக்கு அடுத்த நாள்தான் முதல் நாள். தபால்காரர் 3ஆம் தேதி வந்திருந்தால், நீங்கள் வீட்டில் இல்லாவிட்டாலும், 4ஆம் தேதியிலிருந்து எண்ணி 13ஆம் தேதி நள்ளிரவோடு காலம் முடிகிறது. கடைசி நாள் சனி, ஞாயிறு, விடுமுறை என்றால் அடுத்த வேலை நாள்வரை நீளும். விலகுவதையும் பதிவுத் தபாலிலேயே அனுப்புங்கள். முகவருக்குத் தொலைபேசியில் சொன்னதை நம்பியிருக்க வேண்டாம்.

இந்த 10 நாள் ஓடத் தொடங்க இன்னொரு நிபந்தனையும் உண்டு. தொடர்மாடி வீடென்றால், பொது உடைமை விதிமுறை, கடைசி மூன்று ஆண்டுக் கூட்டக் குறிப்புகள், விற்பவர் கட்டும் ‘ஷார்ஜ்’ என்ற பொதுச் செலவுப் பங்கின் விவரம், கட்டடப் பராமரிப்புப் பதிவேடு ஆகியவை ஒப்பமிடும் நாளுக்குள் கையில் கிடைத்திருக்க வேண்டும். கிடைக்காவிட்டால், அவை வந்த நாளுக்கு அடுத்த நாளிலிருந்துதான் காலம் ஓடும்.

முற்பணம் பொதுவாக 5 முதல் 10 வீதம். அதை விற்பவரின் கையில் கொடுக்காதீர்கள். நொத்தாரிசிடமோ, பண உத்தரவாதம் உள்ள முகவரிடமோ ‘செக்வெஸ்த்ர்’ ஆக, அதாவது இரு தரப்புக்கும் பொதுவான காவலில், இருக்க வேண்டும். 10 நாளுக்குள் விலகினால் 21 நாளுக்குள் முழுப் பணமும் திரும்ப வேண்டும்.

இனி உங்களுக்கு மிக முக்கியமான பக்கம்: கடன் நிபந்தனை, ‘கோந்திசியோன் சுஸ்போன்சிவ்’. வங்கி கடன் தர மறுத்தால் ஒப்பந்தம் கலையும், முற்பணம் திரும்பும் என்பது அதன் பொருள். சட்டப்படி இதற்குக் குறைந்தது ஒரு மாதம் தர வேண்டும். நடைமுறையில் 45 முதல் 60 நாள் எழுதுவார்கள். 60 கேளுங்கள். இதில் மூன்று எண்கள் இருக்கும்: கடன் தொகை, ஆண்டுகள், அதிகபட்ச வட்டி வீதம். முற்பணத்தை இழப்பவர்கள் பெரும்பாலும் இந்த மூன்று எண்களில்தான் இழக்கிறார்கள்.

கொம்ப்ரோமியில் 210,000 யூரோ, 25 ஆண்டு, அதிகபட்சம் 3.8 வீதம் என்று எழுதிவிட்டு, தளபாடச் செலவையும் சேர்த்து வங்கியிடம் 230,000 கேட்டீர்கள் என்று வையுங்கள். வங்கி மறுத்தால் அந்த மறுப்பு உங்களைக் காக்காது. எழுதியபடி நீங்கள் விண்ணப்பிக்கவில்லை, நிபந்தனை நிறைவேறாமல் போனதற்கு நீங்களே காரணம் என்று விற்பவர் வாதிடலாம். குடியியல் சட்டத்தின் 1304-3ஆம் பிரிவு அவர் பக்கம் நிற்கும். எழுதியதைவிடக் குறைந்த வட்டியில் மட்டும் கேட்டு மறுக்கப்பட்டாலும் இதே சிக்கல்தான். பிறகு ‘கிளோஸ் பெனால்’ என்ற தண்டப் பிரிவு வரும். வழக்கமாக விலையில் 10 வீதம். உங்கள் வீட்டுக்கு 24,000 யூரோ. எனவே மறுப்புக் கடிதத்தில் தொகை, ஆண்டு, வட்டி மூன்றும் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று வங்கியிடம் கேட்டு வாங்குங்கள். எத்தனை வங்கியில் விண்ணப்பிக்க வேண்டும், எந்த நாளுக்குள் விண்ணப்பித்த சான்று தர வேண்டும் என்பதையும் அதே பக்கத்தில் பாருங்கள்.

“நான் கடன் எடுக்கமாட்டேன்” என்று உங்கள் கையாலேயே எழுதச் சொல்லி, விற்பவருக்கு அது பிடிக்கும் என்று யாராவது ஆலோசனை தந்தால் கேட்காதீர்கள். அந்த வரியை எழுதியவுடன் இந்தப் பாதுகாப்பு முழுவதும் போய்விடும்.

கடன் கிடைத்தால் வங்கியின் கடன் முன்மொழிவு வரும். அதைப் பெற்று 10 நாள் கழிந்த பின், 11ஆம் நாளிலிருந்துதான் ஏற்க முடியும். முன்கூட்டி ஒப்பமிட்டு அனுப்பினால் அது செல்லாது. மாதத் தவணைகள் காப்புறுதியோடு சேர்த்து வருமானத்தில் 35 வீதத்தைத் தாண்டக் கூடாது, காலம் 25 ஆண்டைத் தாண்டக் கூடாது என்ற விதி 2022 ஜனவரி முதல் வங்கிகளைக் கட்டுப்படுத்துகிறது. கார்க் கடனும் அந்த 35க்குள் எண்ணப்படும்.

அடுத்து ‘கோப்ரொப்ரியேத்தே’, அதாவது தொடர்மாடியின் பொது உடைமை. நீங்கள் வாங்குவது வீட்டை மட்டுமல்ல, கூரையிலும் மின்தூக்கியிலும் வெப்பக் கொதிகலனிலும் ஒரு பங்கையும். அந்தப் பங்கின் அளவுதான் ‘தோந்தியேம்’. உங்கள் வீட்டுக்கு 10,000இல் 85 தோந்தியேம் என்று வையுங்கள். 600,000 யூரோவில் முகப்புத் திருத்தம் முடிவானால் உங்கள் தலையில் 5,100 யூரோ. 1970களின் தொடர்மாடிகளில் முகப்பு, கூரை, மின்தூக்கி மூன்றும் அடுத்தடுத்து வரக்கூடிய செலவுகள்.

ஆகவே மூன்று ஆண்டுக் கூட்டக் குறிப்புகளை, ‘பெவே’ என்பார்களே, அவற்றை வரி வரியாக வாசியுங்கள். நாற்பது பக்கக் கொம்ப்ரோமியைவிட இவை அதிகம் சொல்லும். ‘ரவால்மோன்’ என்றால் முகப்புத் திருத்தம். ‘ஆம்பெயே’ என்றால் மற்றவர்கள் கட்டாமல் வைத்திருக்கும் பாக்கி. பாக்கி ஆண்டு வரவுசெலவில் 25 வீதத்தைத் தாண்டினால், 200க்கு மேற்பட்ட அலகுகள் உள்ள கட்டடத்தில் 15 வீதத்தைத் தாண்டினால், நீதிமன்றத்தின் உதவியை நாட வேண்டிய நிலையில் கட்டடம் இருக்கிறது என்று சட்டமே கருதுகிறது. ‘அத்மினிஸ்த்ரதர் ப்ரொவிசுவார்’ என்ற சொல்லைக் கண்டால், நீதிமன்றம் நியமித்த நிர்வாகி கட்டடத்தை நடத்துகிறார் என்று அர்த்தம். கிரினி 2, கிளிஷி-சு-புவாவின் ஷென் புவாந்த்து போன்ற பெரிய தொடர்மாடிகளில் மலிவு விலையைப் பார்த்து வாங்கிய குடும்பங்கள் இந்தச் சொல்லின் விலையை ஆண்டுக்கணக்கில் செலுத்தின. அதே தெருவில் உள்ள மற்ற வீடுகளைவிட இது ஏன் மலிவு என்ற கேள்விக்கு விடை பெவேயில்தான் இருக்கும்.

ஏற்கெனவே முடிவாகிய திருத்த வேலைகளுக்கு யார் கட்டுவது? ஒப்பந்தம் பேசாமல் இருந்தால், பணம் கேட்கப்படும் நாளில் யார் உரிமையாளரோ அவர்தான். ‘சாந்திக்’, அதாவது கட்டட முகாமை நிறுவனம், உங்களிடமே பட்டியலை நீட்டும். எனவே “கொம்ப்ரோமிக்கு முன் கூட்டத்தில் முடிவான வேலைகள், பணம் பின்னர் கேட்கப்பட்டாலும், விற்பவர் பொறுப்பு” என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். வழக்கமாக இருக்கும், இல்லாவிட்டால் சேர்க்கச் சொல்லுங்கள். கொம்ப்ரோமிக்கும் உறுதிக்கும் இடையில் கூட்டம் நடந்தால், விற்பவரின் பிரதிநிதியாக நீங்கள் வாக்களிக்கும் உரிமையையும் எழுதிக்கொள்ளுங்கள்.

‘லோ’ எண்களை ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். வீடு ஒரு லோ, நிலவறை இன்னொரு லோ, வாகனத் தரிப்பிடம் வேறொரு லோ. முகவர் காட்டிய தரிப்பிடத்துக்கு ஒப்பந்தத்தில் எண் இல்லையென்றால் அதை நீங்கள் வாங்கவில்லை. ‘ஜுயிசோன்ஸ் ப்ரிவத்தீவ்’ என்ற சொல்லும் ஏமாற்றும்: அந்தத் தோட்டத்தையோ மொட்டை மாடியையோ நீங்கள் மட்டுமே பயன்படுத்தலாம், ஆனால் அது பொதுச் சொத்து, அதில் அறை எழுப்ப முடியாது. விற்கும் தொடர்மாடி வீட்டின் பரப்பளவை எழுதச் சொல்லும் ‘கரே’ சட்டத்தின் கணக்கில் அது சேராது. 1.80 மீற்றருக்குக் குறைந்த உயரமுள்ள இடமும் சேராது. உண்மையான கரே பரப்பு எழுதியதைவிட 5 வீதத்துக்கு மேல் குறைந்தால், உறுதி முடிந்து ஓராண்டுக்குள் விலையைக் குறைக்கக் கோரலாம். 64 என்று எழுதி 60 இருந்தால் கோரலாம். 61 இருந்தால் முடியாது.

பரிசோதனை அறிக்கைகளில், 1972 கட்டடத்துக்கு அஸ்பெஸ்டோஸ் அறிக்கை கட்டாயம். ஈய அறிக்கை 1949க்கு முந்தியவற்றுக்கு மட்டும். மின்சார, எரிவாயு அமைப்புகள் 15 ஆண்டைத் தாண்டியவை என்றால் அவற்றுக்கும் உண்டு. எரிசக்தித் தர அறிக்கையான டே.பே.எ.யில் கடைசித் தரமான G என்றிருந்தால், 2025 ஜனவரி முதல் புதிதாக வாடகைக்கு விட முடியாது. F என்றால் 2028 முதல். மின் அமைப்பில் பிழை இருப்பதாக அறிக்கை சொன்னாலும் விற்பவர் திருத்தித் தரக் கடமைப்பட்டவர் அல்லர். உங்களுக்கு அறிவித்துவிட்டார், அவ்வளவுதான். திருத்தச் செலவை விலையில் பேசுங்கள்.

‘ஃப்ரே து நொத்தேர்’ என்ற பெயரைக் கேட்டு நொத்தாரிசுக்கே இவ்வளவா என்று பலர் பதறுகிறார்கள். அதில் பெரும்பகுதி வரி. 240,000 யூரோவுக்கு, பழைய வீதமான 5.80665இன்படி வரி சுமார் 13,940. நொத்தாரிசின் கட்டணம் பெறுமதிசேர் வரியோடு சுமார் 2,780. பதிவுக் கட்டணம் 240. ஆவணச் செலவுகள் ஆயிரத்துச் சொச்சம். 2025 ஏப்ரல் முதல் வரியை அரை வீதம் உயர்த்த மாவட்டங்களுக்கு அனுமதி உண்டு, ஆனால் குடியிருக்க முதல் வீடு வாங்கும் ‘ப்ரிமோ-அக்செதோன்’மீது அந்த உயர்வைப் போடக் கூடாது. நீங்கள் அந்த வகையில் வருகிறீர்கள். மதிப்பீட்டுத் தாளில் அது கவனிக்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள், 1,200 யூரோவுக்கு மேல் வித்தியாசம். முகவர் கட்டணம் வாங்குபவர் பொறுப்பு என்று தனியாக எழுதப்பட்டிருந்தால், அந்தத் தொகைக்கு இந்த வரி கிடையாது.

திருமணம் பற்றிச் சொன்னீர்கள். நல்லது, ஏனென்றால் நொத்தாரிசு முதலில் கேட்பது அதைத்தான். ஒப்பந்தம் எழுதாமல் பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வரும் தம்பதிக்கு, திருமணத்துக்குப் பின் உழைத்து வாங்கியது இருவருக்கும் பொது. அவர்கள் அதை ‘அக்கே’ என்பார்கள். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காறுச் சட்டமான தேசவழமையின் ‘தேடிய தேட்டம்’ கருத்தில் இதற்கு நெருங்கிய சொல், சட்டம் வேறு. உங்களுக்கு எந்த நாட்டுச் சட்டம் என்பது திருமணம் நடந்த இடத்தால் மட்டும் முடிவாவதில்லை. 1992 செப்டெம்பர் முதல் 2019 ஜனவரி 28 வரை நடந்த திருமணங்களுக்கு ஹேக் உடன்படிக்கையின்படி, மணமான பின் முதலில் சேர்ந்து வாழ்ந்த நாடு பெரும்பாலும் முடிவு செய்கிறது. எனவே திருமணத் தேதி, மனைவி பிரான்ஸ் வந்த தேதி, முதல் முகவரி ஆகியவற்றை எழுதிக் கொடுங்கள். பொதுச் சொத்து முறை இல்லையென்று தெரிந்தால், உறுதியில் யாருக்கு எத்தனை வீதம் என்று எழுதுவார்கள். மாதத் தவணையை யார் கட்டினாலும் உரிமையைச் சொல்வது அந்த வீதம்தான்.

பிறப்பு, திருமணச் சான்றிதழ்களை நீதிமன்றப் பட்டியலில் உள்ள மொழிபெயர்ப்பாளரிடம் மொழிபெயர்க்க வேண்டும்; அகதி நிலை உள்ளவர்களுக்கு, அகதிகளுக்கான அரச அலுவலகமான ஒஃப்ப்ரா தரும் குடிசார் ஆவணம் போதும். பெயரில் தந்தை பெயர் முன்னும் பின்னுமாக மாறியிருந்தால் இப்போதே சொல்லுங்கள். அடையாளம் பொருந்தாத உறுதியைக் காணிப் பதிவகம் திருப்பி அனுப்பிவிடும்.

கையிருப்புப் பணமும் அப்படித்தான். 3,000 யூரோவுக்கு மேல் நொத்தாரிசுக்கு வங்கி மாற்றத்தில் மட்டுமே செலுத்தலாம். அது எங்கிருந்து வந்தது என்று கேட்பது அவரது சட்டக் கடமை. சீட்டெடுத்த பணம், உறவினர் கைமாற்று என்றால் எழுத்தில் சான்று இருக்கட்டும். 5,000 யூரோவைத் தாண்டிய தனியார் கடனை வருமான வரிப் பத்திரத்தோடு 2062 படிவத்தில் அறிவிக்க வேண்டும்.

உறுதி நாளில் காலையில் வீட்டை மறுபடி போய்ப் பாருங்கள். விட்டுச் செல்வதாக எழுதிய சமையலறைச் சாதனங்கள் இருக்கின்றனவா, வீடு காலியாக இருக்கிறதா, மின் அளவியில் என்ன எண் நிற்கிறது என்று குறித்துப் படம் எடுங்கள். குறை இருந்தால் ஒப்பமிடும் முன் நொத்தாரிசிடம் சொன்னால் பணத்தில் ஒரு பகுதியை அவர் நிறுத்தி வைக்க ஏற்பாடு செய்யலாம். ஒப்பமிட்டதும் சாவியோடு உரிமைச் சான்று ஒரு தாளில் தருவார். மின்சாரத்துக்கும் காப்புறுதிக்கும் அது போதும். பதிவான உறுதி சில மாதங்கள் கழித்து வரும்.