ஹெலன் கெல்லரும் அவருடைய டீச்சரும்: கேள்வி பதில்

கேள்வி அனுப்பிய எல்லோருக்கும் வணக்கம். காதும் கேட்காத, கண்ணும் தெரியாத பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது என் தொழில். அதனாலேயே காதும் கண்ணும் இல்லாமல் படித்து எழுத்தாளரான ஹெலன் கெல்லர் (1880–1968), அவருடைய டீச்சர் ஆன் சல்லிவன் (1866–1936) இருவரையும் பற்றி விடாமல் படித்து வருகிறேன். எனக்குத் தெரிந்த இடங்களில் விரிவாகவே சொல்கிறேன்.

மதுரை, பள்ளி ஆசிரியை: குழாயடியில் கையில் தண்ணீர் பட்ட அந்த நொடியில் ஹெலனுக்கு மொழி புரிந்துவிட்டது என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வருகிறோம். அப்படித்தான் நடந்ததா?

நடந்தது நிஜம். ஆனால் அந்த நொடிக்கு முன்னால் ஒரு மாத உழைப்பு இருக்கிறது, பின்னால் பல வருட உழைப்பு இருக்கிறது. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

1887 மார்ச் 3 அன்று அலபாமா மாநிலத்தில் டஸ்கம்பியா என்ற சின்ன ஊரில் ஆன் வந்து இறங்கினார். அவருக்கு வயது 20. ஹெலனுக்கு இன்னும் ஏழு முடியவில்லை. வந்த கையோடு ஒரு பொம்மையைக் கொடுத்து, அந்தச் சொல்லை எழுத்தெழுத்தாகக் குழந்தையின் உள்ளங்கையில் விரலால் காட்டினார். ஒவ்வொரு எழுத்துக்கும் விரல்களை ஒரு விதமாக மடக்க வேண்டும். கேட்பவர் தன் கையை மேலே லேசாக வைத்து அந்த வடிவத்தை உணர்ந்துகொள்வார். ஹெலன் அதை அப்படியே திருப்பிச் செய்தாள். மார்ச் 31க்குள் 18 பெயர்ச்சொற்களும் 3 வினைச்சொற்களும் தெரிந்திருந்தன என்று ஆன் பட்டியல் எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பட்டியலிலேயே தண்ணீரும் இருக்கிறது.

அப்படியென்றால் ஏப்ரல் 5 அன்று குழாயடியில் என்னதான் நடந்தது? அதுவரை விரல்கள் செய்து காட்டின, அவ்வளவுதான். குவளை, பால், குடிப்பது மூன்றும் ஹெலனுக்குக் குழம்பிக்கொண்டே இருந்தன. அன்று ஆன் அவளைக் குவளையோடு கைப்பம்புக்குக் கூட்டிப்போனார். ஒரு கையில் குளிர்ந்த நீர் வழிய, இன்னொரு கையில் எழுத்துகளைக் காட்டினார். குவளை கை நழுவி விழுந்தது. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பெயர் உண்டு என்பது அப்போதுதான் பிடிபட்டது. தரையைத் தொட்டுப் பெயர் கேட்டாள், பம்பைத் தொட்டுக் கேட்டாள், சட்டென்று திரும்பி ஆனைத் தொட்டுக் கேட்டாள். 'டீச்சர்' என்று கையில் பதில் வந்தது. ஹெலனுக்கு அவர் கடைசிவரை டீச்சர்தான். அடுத்த சில மணி நேரத்தில் 30 புதுச் சொற்கள்.

அதற்கும் முன்னால் ஹெலன் வெறுமையாக இருந்தாள் என்று நினைக்காதீர்கள். ரொட்டி வேண்டுமென்றால் அறுத்து வெண்ணெய் தடவுவதுபோல் கையால் காட்டுவாள். ஐஸ்கிரீம் வேண்டுமென்றால் அதைக் கடையும் கருவியைச் சுற்றுவதுபோல் செய்து, குளிரில் நடுங்கிக் காட்டுவாள். சமையல்காரரின் மகளுக்கு இந்தச் சைகைகள் நன்றாகப் புரியும். ஆன் வந்தது இப்படிப்பட்ட குழந்தையிடம்.

கோவை, கல்லூரி மாணவர்: கண்ணும் காதும் இல்லாமல் கல்வி கற்ற முதல் ஆள் ஹெலன்தானே?

இல்லை. லாரா பிரிட்ஜ்மன் அவருக்கு 50 வருடம் முந்தியவர். 1837இல் பாஸ்டனில் கண் தெரியாதவர்களுக்கான பெர்கின்ஸ் பள்ளியில் சேர்ந்தார், டாக்டர் சாமுவேல் ஹோவிடம் மொழி கற்றார். 1842இல் சார்லஸ் டிக்கன்ஸ் அவரைப் பார்த்துவிட்டு எழுதியதைப் படித்துத்தான் ஹெலனின் தாய்க்கு நம்பிக்கை பிறந்தது. ஆன் அதே பள்ளியில் படித்தவர், லாராவோடு ஒரே வீட்டில் தங்கி விரல் எழுத்து பழகியவர். ஹெலனுக்குக் கொடுத்த பொம்மைக்கு உடை தைத்ததும் லாராதான். கல்லூரிப் பட்டம் என்று கேட்டால் ஹெலன்தான் முதல் ஆள்: ராட்கிளிஃப் கல்லூரி, 1904.

திருச்சி, ஒரு தாய்: என் மகனுக்கு நான்கு வயது. பார்வை கொஞ்சம்தான், காதும் சரியாகக் கேட்காது. ஹெலனைப் பற்றிய திரைப்படத்தில் சாப்பாட்டு மேசையில் டீச்சர் குழந்தையோடு மல்லுக்கட்டி ஒழுங்கு கற்றுத்தருகிறாரே, நாமும் அப்படிக் கண்டிப்பாக இருந்தால் பேச்சு வருமா?

அம்மா, தயவுசெய்து வேண்டாம். மேசைச் சண்டை நிஜமாக நடந்ததுதான். எல்லோர் தட்டிலும் கைவிட்டு எடுத்துச் சாப்பிட்ட குழந்தையை ஆன் தடுத்தார், பெரிய ரகளை ஆனது. ஆனால் ஹெலனுக்கு மொழி வந்தது அந்தச் சண்டையால் இல்லை.

இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்: பிள்ளையின் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். அவனுக்குக் கைதான் கண், கைதான் காது. உங்கள் கையை அவன் கைக்கு *அடியில்* வையுங்கள். நீங்கள் தொடுவதை அவனாக உங்கள் கைமேல் கைவைத்துத் தெரிந்துகொள்ளட்டும். எப்போது வேண்டுமானாலும் கையை எடுத்துக்கொள்ளும் உரிமை அவனுக்கு இருக்க வேண்டும். குளிக்கும் முன் துண்டைத் தொடக் கொடுங்கள், சாப்பிடும் முன் ஸ்பூனைக் கொடுங்கள். தினமும் அதே பொருள், அதே வரிசை.

சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது. பள்ளி வயது வரட்டும் என்று காத்திருக்காமல் இப்போதே கூட்டிப்போய்ப் பரிசோதியுங்கள். மிச்சமிருக்கும் பார்வையும் கேட்கும் திறனும் எவ்வளவு என்பது தெரிந்தாலே பாதி வழி தெளிவாகிவிடும்.

புதுச்சேரி, ஓய்வுபெற்ற செவிலியர்: எல்லோரும் ஹெலனைப் பற்றியே கேட்கிறார்கள். அந்த டீச்சர் எங்கிருந்து வந்தார்?

இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன்.

அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த ஏழைக் குடும்பம். சின்ன வயதிலேயே ட்ரகோமா என்ற கண்நோய் பார்வையை அரித்துவிட்டது. தாய் காசநோயில் இறந்தார், தகப்பன் விட்டுவிட்டுப் போய்விட்டார். 1876இல் ஒன்பது வயது ஆனையும் தம்பி ஜிம்மியையும் டியூக்ஸ்பரி என்ற ஊரில் அரசாங்கம் நடத்திய ஏழைகள் விடுதியில் சேர்த்தார்கள். நோயாளிகள், மனநலம் குன்றியவர்கள், போக்கிடமில்லாத முதியவர்கள் எல்லோரும் அடைந்து கிடந்த இடம். இடுப்பெலும்பில் காசநோய் இருந்த தம்பி சில மாதங்களில் அங்கேயே இறந்துபோனான். ஆன் அங்கே நான்கு வருடத்துக்கு மேல் இருந்தார்.

கண் தெரியாதவர்களுக்கும் பள்ளிக்கூடம் உண்டு என்பது அங்கிருந்தவர்கள் சொல்லித்தான் அவருக்குத் தெரியும். 1880இல் விடுதியைச் சோதனையிட அதிகாரிகள் வந்தார்கள். அவர்களில் யார் தலைவர் என்பதுகூட ஆனுக்குக் கண்ணில் தெரியவில்லை. கூட்டத்தின் பின்னாலேயே போய், பள்ளிக்கூடம் போக வேண்டும் என்று கத்தினார். அந்தக் கத்தல்தான் அவரைப் பெர்கின்ஸில் சேர்த்தது. 14 வயதில், தன் பெயரைக்கூட எழுதத் தெரியாமல் உள்ளே போனார். அறுவை சிகிச்சைகளால் ஓரளவு பார்வை திரும்பியது. 1886இல் வகுப்பின் முதல் மாணவியாகத் தேறி, விழாவில் உரையாற்றி வெளியே வந்தார்.

ஹெலனிடம் வந்தபோது ஆசிரியர் பயிற்சி எதுவும் கிடையாது. போலியான பணிவும் கிடையாது. வந்து சில வாரத்திலேயே நேரம் வைத்துப் பாடம் நடத்துவதை நிறுத்திவிட்டார். ஹெலனின் உறவில் 15 மாதக் குழந்தை ஒன்று இருந்தது. அதைக் கவனித்தார். அந்தக் குழந்தையிடம் யாரும் ஒவ்வொரு சொல்லாகப் பாடம் நடத்தவில்லை, சுற்றிலும் எல்லோரும் முழு வாக்கியங்களில் பேசுகிறார்கள், குழந்தை தானாகப் பிடித்துக்கொள்கிறது. அப்படியென்றால் ஹெலனின் காதில் பேச வேண்டியதைக் கையில் பேசிவிடுவோம் என்று முடிவெடுத்தார். காலையில் கண் விழித்தது முதல் தூங்கும்வரை, புரிகிறதோ இல்லையோ, முழு வாக்கியம். என் தொழிலில் இதைவிடப் பெரிய பாடம் இன்னும் வரவில்லை.

சேலத்திலிருந்து ஒருவர்: ஹெலன் கற்ற முதல் சொல் தண்ணீர்தானே?

இல்லை. மேலே முதல் பதில்.

பெங்களூரு, மென்பொருள் துறை: நேரடியாகவே கேட்கிறேன். பார்க்கவும் கேட்கவும் முடியாத ஒருவர் 12 புத்தகம் எழுதினார், பட்டம் வாங்கினார் என்பதை நம்ப முடியவில்லை. எல்லாம் டீச்சர் எழுதியது என்று வீடியோக்களில் சொல்கிறார்களே?

சரி, சாட்சிகளைப் பார்ப்போம். 1899 ஜூன் 29, 30 தேதிகளில் ராட்கிளிஃப் நுழைவுத்தேர்வின் கடைசிப் பகுதி நடந்தது: கிரேக்கம், லத்தீன், வடிவியல், இயற்கணிதம். ஆன் வினாத்தாளைப் படித்துக்காட்டக் கல்லூரி அனுமதிக்கவில்லை. பெர்கின்ஸ் ஆசிரியர் ஒருவர் வினாக்களை அமெரிக்க பிரெயிலில், அதாவது விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்தில், பெயர்த்துக் கொடுத்தார். கணிதக் குறியீடுகள் ஒவ்வொரு பிரெயில் முறையிலும் வேறு வேறு. ஹெலன் கணிதம் படித்தது ஆங்கில பிரெயிலில். தேர்வுக்குச் சற்று முன்புதான் இது தெரிந்து, புதுக் குறியீடுகளை அவசரமாகக் கற்றுக்கொண்டு உட்கார்ந்தார், விடைகளைத் தட்டச்சு செய்தார், தேறினார்.

அதே நபர்: ஆனால் கல்லூரியில் டீச்சர் பக்கத்திலேயேதான் இருந்தார்!

இருந்தார். விரிவுரையைக் கையில் சொல்ல ஒருவர் வேண்டாமா? ஹெலன் வகுப்பில் குறிப்பு எடுத்ததே இல்லை, ஏனென்றால் அவருடைய கை அப்போது கேட்டுக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போய் நினைவிலிருந்து எழுதினார். பிரெயிலில் கிடைக்காத புத்தகங்களை ஆன் படித்துச் சொன்னார், ஏற்கெனவே நைந்த கண்களை அதற்காகவே மேலும் கெடுத்துக்கொண்டார். கடைசி வருடங்களில் பார்வை ஏறக்குறைய முழுக்கப் போய்விட்டது.

நாகர்கோவில், பத்திரிகையாளர்: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். சிறுவயதில் ஒரு கதையைத் திருடி எழுதி மாட்டிக்கொண்டாரே?

அதையும் சொல்லத்தான் வேண்டும். 1891இல், 11 வயதில், பெர்கின்ஸ் இயக்குநர் அனக்னோஸுக்குப் பிறந்தநாள் பரிசாகப் பனியரசன் கதை ஒன்றை எழுதி அனுப்பினாள். மார்கரெட் கான்பி என்பவரின் அச்சான கதையை ஒத்திருந்தது தெரியவந்தது. ஆன் விடுமுறையில் இருந்த ஒரு சமயத்தில் வேறொருவர் அந்தக் கதையைக் குழந்தையின் கையில் படித்திருக்கிறார். அப்போது வயது எட்டு. கதை மனதில் தங்கி, தன்னுடையதாகவே வெளியே வந்துவிட்டது. பெரியவர்கள் எட்டு பேர் ஆனை வெளியே அனுப்பிவிட்டு அந்தக் குழந்தையை விசாரித்தார்கள். அதன் பிறகு தான் எழுதுவது தன்னுடையதுதானா என்ற பயம் ஹெலனை வெகுகாலம் விடவில்லை. எனக்கு இதில் திருட்டு தெரியவில்லை. ஒரு பிள்ளைக்குச் செய்த கொடுமைதான் தெரிகிறது.

பெங்களூரு நண்பர் மீண்டும்: இதுவே அவருக்குச் சொந்தச் சிந்தனை இல்லை என்பதைத்தானே காட்டுகிறது?

1909இல் ஹெலன் சோஷலிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். 1912இல் அதற்கான காரணத்தை எழுதியபோது, டீச்சர் மார்க்சியரும் இல்லை, சோஷலிஸ்டும் இல்லை என்று அவரே தெளிவாகச் சொல்கிறார். ஜெர்மன் பிரெயிலில் வந்த சோஷலிஸ்ட் பத்திரிகையைத் தன் விரலாலேயே படித்தார். டீச்சருக்கு இல்லாத கொள்கையை டீச்சர் எப்படி எழுதிக்கொடுப்பார்? 1936இல் ஆன் இறந்தார். ஹெலன் அதன்பின் 32 வருடம் வாழ்ந்தார், ஜப்பான் முதல் இந்தியா வரை போய்ப் பேசினார், 1955இல் டீச்சரைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார்.

தஞ்சாவூர், முனைவர் பட்ட ஆய்வாளர்: அப்படியென்றால் டீச்சர் அவசியமில்லாமல் போயிற்றா? மேதை யார், ஆனா ஹெலனா?

இந்தப் போட்டியே தப்பு. ஆன் இல்லாவிட்டால் ஹெலனுக்கு மொழி தாமதமாகியிருக்கும், ஒருவேளை வந்திருக்கவே வந்திருக்காது. ஹெலன் இல்லாவிட்டால் ஆனின் முறை யாருக்கும் தெரிந்திருக்காது. ஒருவரை உயர்த்த இன்னொருவரைப் பொம்மையாக்குவதைத்தான் அந்த வீடியோக்களும் செய்கின்றன.

அதே ஆய்வாளர்: ஹெலனே ஊனமுற்ற குழந்தை சாகட்டும் என்று எழுதியிருக்கிறார். அதை ஏன் மறைக்கிறீர்கள்?

மறைக்கவில்லை, யாரும் கேட்கவில்லை. 1915இல் சிகாகோவில் கடுமையான குறைபாடுகளோடு பிறந்த ஒரு குழந்தைக்கு அறுவை சிகிச்சை செய்ய ஒரு டாக்டர் மறுத்தார், குழந்தை இறந்தது. ஹெலன் அந்த டாக்டரை ஆதரித்தார், மருத்துவர் குழு முடிவெடுக்கட்டும் என்று எழுதினார். தவறான கருத்து. அன்று அமெரிக்காவில் படித்தவர்கள் பலரிடம் இருந்த கருத்து என்பது அதைச் சரியாக்காது. யாருடைய உயிர் வாழத் தகுந்தது என்று மருத்துவர் குழு அளக்க ஆரம்பித்தால், நான் தினமும் பார்க்கும் பிள்ளைகள்தான் முதலில் அந்த வரிசையில் நிற்பார்கள்.

ஓசூரிலிருந்து ஒருவர்: கண் தெரியாமல் எப்படித் தட்டச்சு செய்தார்? யாரோ செய்து கொடுத்திருப்பார்கள்.

தட்டச்சு தெரிந்த யாரும் விசைகளைப் பார்ப்பதில்லை. 'நிஜமா, பொய்யா' கேள்விகளுக்கு இதோடு நிறுத்திக்கொள்கிறேன், இன்னும் ஒன்பது பேர் அதையே கேட்டிருக்கிறார்கள்.

கடலூர்: என்ன நோயால் இப்படி ஆனது?

19 மாதத்தில் வந்த கடும் காய்ச்சல். மூளைக்காய்ச்சலாகவோ ஸ்கார்லெட் காய்ச்சலாகவோ இருக்கலாம் என்கிறார்கள்.

ஈரோடு: அவர் ஏன் கல்யாணம் செய்யவில்லை?

1916இல் பீட்டர் ஃபேகன் என்ற செயலரை மணக்க விரும்பி, பாஸ்டனில் உரிமத்துக்கு விண்ணப்பம்கூடப் போனது. குடும்பம் தடுத்துவிட்டது. 36 வயதுப் பெண்ணுக்காகப் பிறர் முடிவெடுத்தார்கள்.

யாழ்ப்பாணம், காது கேளாதோர் ஆசிரியர்: சைகை மொழியா, வாய்ப்பேச்சா? கிரகாம் பெல் தரப்பு பற்றி உங்கள் கருத்து?

பெல்தான் ஹெலனின் தகப்பனாரைப் பெர்கின்ஸுக்கு எழுதச் சொன்னவர். அதே பெல் சைகை மொழிக்கு எதிராக இருந்தவர். இந்த விவாதம் காது கேளாத சமூகத்துக்கு உரியது, அவர்களிடம் கேளுங்கள்.

விழுப்புரம், சிறப்புக் கல்வி மாணவி: எங்கள் பயிற்சி வகுப்பில் பிள்ளையின் கையைப் பிடித்து எழுத்து காட்டச் சொல்கிறார்கள். சரியா?

திருச்சி அம்மாவுக்குச் சொன்னதுதான் உங்களுக்கும்: கைக்கு அடியில் கை. பயிற்சி வகுப்பில் கேள்வி கேளுங்கள், தயங்காதீர்கள்.

அதே மாணவி: எதைப் படிக்கலாம்?

1903இல் வந்த ஹெலனின் தன்வரலாற்றை எடுங்கள், ஆனால் கடைசிப் பகுதியிலிருந்து தொடங்குங்கள். ஆன் 1887இல் எழுதிய கடிதங்கள் அங்கே இருக்கின்றன. சுருக்கப் பதிப்புகள் பலவற்றில் அதை வெட்டிவிடுகிறார்கள், முழுப் பதிப்பா என்று பார்த்து வாங்குங்கள்.